மெஷினுக்குப் பின்னாலிருந்த கதவு

மூன்று நாளாக ஓடாத மெஷினுக்கு அடியிலிருந்து தண்ணீர் வந்திருந்தது.

அதை முதலில் கண்டுபிடித்தது தபீதாளின் கால்தான். திங்கட்கிழமை காலை ஐந்தரை மணிக்குப் பால் காய்ச்ச சமையலறைக்குள் வந்தவள், விளக்குப் போடுவதற்கு முன்பே வலது பாதத்தில் ஈரத்தை உணர்ந்தாள். நவம்பர் மழையில் டைல்ஸ் ஜில்லென்று இருந்தது. அந்தத் தண்ணீர் மட்டும் சற்று முன்புவரை யாரோ கையை விட்டு அளைந்துகொண்டிருந்ததுபோல வெதுவெதுப்பாக இருந்தது. விளக்கைப் போட்டுப் பார்த்தாள். சிங்க்குக்குப் பக்கத்தில் சுவரோடு ஒட்டி நின்ற டிஷ்வாஷருக்கு அடியிலிருந்து புறப்பட்டு, ஃப்ரிட்ஜின் கால்வரை போய் நின்றிருந்தது. வெளுத்த டீயின் நிறம். துணியால் ஒற்றி எடுத்துப் பிழிந்தபோது வாளியின் அடியில் மெல்லிய வண்டல் படிந்தது. போர் தண்ணீர் உப்புக் கரிக்கும். ஆனால் ஒருநாளும் கலங்கி வந்ததில்லை.

வீடு அவளுடையது இல்லை. அண்ணன் அசரியாவுடையது. முடிச்சூரில், ஐந்து வீடுகள் மட்டுமே உள்ள ஒரு சின்னத் தெருவின் கடைசியில், கீழும் மேலுமாகக் கட்டிய தனி வீடு. நான்கு வருடத்துக்கு முன் அண்ணனும் அண்ணி பிளஸ்ஸியும் மகனோடு இருக்கக் கனடா போய்விட்டார்கள். இடையில் இரண்டு குடித்தனம் வந்து சீக்கிரமே காலி செய்தது. கீழ்க்கட்டளையில் ஒரு மாடிப் போர்ஷனில் தனியாக இருந்த தபீதாளை, இந்த ஜூன் மாதம் அண்ணன்தான் வற்புறுத்தி இங்கே குடிவைத்தார். "பூட்டிக் கிடந்தா வீடு பாழாயிடும் தபி. உனக்கும் ஸ்கூல் பக்கம். எனக்காகப் போய் இரு."

எனக்காக என்று அவர் கேட்டு அவள் மறுத்ததே இல்லை. அவளுக்குப் பதினோரு வயதில் அப்பா இறந்தபோது அண்ணனுக்குப் பத்தொன்பது. காலேஜை விட்டுவிட்டுக் கம்பெனி வேலைக்குப் போய், அவளை எம்.எஸ்ஸி. வரை படிக்கவைத்தவர். நாற்பத்து மூன்று வயதில், மேற்குத் தாம்பரத்துப் பள்ளியில் கணக்கு டீச்சராக அவள் நிற்பது அவர் நிற்கவைத்த இடத்தில்தான். சாவியைக் கொடுத்தபோது அவர் ஒரே ஒரு விஷயம்தான் சொன்னார். "டிஷ்வாஷரை மட்டும் நகர்த்தாத. பின்னால பைப் எல்லாம் பழசு. உடைஞ்சா பெரிய வேலை."

அன்று காலை ஈரத்தைப் படம் எடுத்து அனுப்பினாள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, அண்ணனே கூப்பிட்டுவிட்டார்.

"ஆளைக் கூப்பிட்டியா?"

"இல்லண்ணா. சாயங்காலம் சொல்லலாம்னு..."

"வேணாம். இதுக்கெல்லாம் எதுக்கு ஆளு? நான் சொல்றேன், நீயே பண்ணிடலாம்."

அவர் சொல்லச் சொல்லச் செய்தாள். சிங்க்குக்கு அடியில் மெஷினுக்குப் போகும் குழாயைத் திருகி மூடினாள். மெஷினின் கதவைத் திறந்து அடியிலிருந்த வடிகட்டியைச் சுழற்றி எடுத்துப் பழைய பிரஷ்ஷால் தேய்த்தாள். கதவைச் சுற்றியிருந்த ரப்பரைத் துடைத்தாள். கழிவுநீர்க் குழாயின் வளையத்தை ஸ்க்ரூடிரைவரால் இறுக்கினாள். கேமராவை ஒவ்வொரு பக்கமாகக் காட்டச் சொல்லிப் பொறுமையாகப் பார்த்தவர், மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இருட்டான இடைவெளிக்குப் போன் போனதும், "அது போதும், அது போதும்" என்றார். பள்ளிக்கு நேரமாகிவிட்டது. ஆயிரம் வேலைக்கு நடுவில் இவ்வளவு அக்கறையாக உட்கார்ந்து சொல்லித்தர வேறு யார் இருக்கிறார்கள் என்று பஸ்ஸில் போகும்போது நினைத்துக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை தண்ணீர் ஃப்ரிட்ஜைத் தாண்டி வாசற்படிவரை வந்திருந்தது.

குழாய் மூடியே இருந்தது. இரண்டு முறை திருகிப் பார்த்தாள். இப்போது வாடையும் இருந்தது: வெள்ளம் வடிந்த தெருவில் ஒரு வாரத்துக்கு நிற்குமே, நனைந்த சாக்கும் சேறும் கலந்த வாடை. அதற்கு அடியில் பாத்திரம் தேய்க்கும் பொடியின் காரமான எலுமிச்சை மணம். மெஷினுக்கு அவள் போடுவது மாத்திரை. அந்தப் பொடி இந்த வீட்டில் இல்லை.

புதன்கிழமை சாயங்காலம் மெஷினைத் திறந்தாள். வெள்ளிக்கிழமை இரவு எச்சில் பாத்திரங்களை அடுக்கி, நிறையட்டும் என்று ஓட்டாமல் விட்டிருந்தாள். நான்கு தட்டு, இரண்டு டம்ளர், மசாலா அடிப்பிடித்த ஒரு வாணலி. திங்கட்கிழமை வடிகட்டியை எடுத்தபோது எச்சிலாகவே இருந்தவை எல்லாம் இப்போது பளபளவென்று இருந்தன. வாணலியின் அடியில் கரி இல்லை. நார் போட்டு வட்டம் வட்டமாக அழுத்தித் தேய்த்த கீறல்கள் இருந்தன. கம்பிகளுக்கு நடுவே அவள் நிறுத்திவைத்திருந்த தட்டுகள் இப்போது ஒன்றின் மேல் ஒன்றாகக் கவிழ்த்து, மேலே டம்ளர்களைக் கவிழ்த்து, கையால் தேய்ப்பவர்கள் தண்ணீர் வடிய அடுக்குவதுபோல அடுக்கப்பட்டிருந்தன. ஒரு டம்ளரைத் தூக்கினாள். உள்ளே ஒரு சொட்டு கலங்கல் நீர். விரல் வைத்தால் நறநறத்தது.

ஓட்டிவிட்டு மறந்திருப்பேன் என்று சொல்லிக்கொண்டாள். குழாய் மூடியிருந்ததை நினைக்காமல் இருக்கப் பார்த்தாள்.

ஆறரை மணிக்கு ஹாலில் உட்கார்ந்து ஒன்பதாம் வகுப்பு விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தபோது சத்தம் கேட்டது. மழை சற்று ஓய்ந்திருந்தது. மாடிக் குழாயிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. அதற்கும் பின்னால், எஃகின் மேல் தேங்காய் நார் உரசும் சத்தம், அவசரமில்லாமல், பழகிய கையின் ஒரே சீரில். நின்றது. ஒரு பாத்திரத்தைச் சிமெண்ட் தரையில் வைக்கும் சத்தம். சமையலறையில் சிமெண்ட் தரை கிடையாது.

அண்ணனுக்குப் போன் செய்தாள்.

"எந்தப் பக்கத்துலேர்ந்து வருது?" என்று கேட்டார் அவர். என்ன சத்தம் என்று கேட்கவில்லை.

"சமையலறைப் பக்கம்தான்."

"தட்டற மாதிரி ஏதாவது கேட்டுச்சா?"

"தட்டறதா? யாரு?"

"இல்லம்மா... பைப்ல காத்து அடைச்சா தட்டும். அதுக்குக் கேட்டேன். நீ பயப்படாத. கதவைச் சாத்திட்டுப் படு. மெஷினை நகர்த்தல இல்ல?"

"இல்லண்ணா."

"நல்லது. நகர்த்தாத."

வாழ்நாளில் முதல் முறையாக, அவர் சொன்னதைக் கேட்காமல் இருக்க அவள் முடிவு செய்தது அந்தப் போனை வைத்த பிறகுதான்.

வியாழக்கிழமை மழைக்காகப் பள்ளிக்கு விடுமுறை விட்டிருந்தார்கள். காலையிலேயே பெருங்களத்தூர் மெக்கானிக் ஒருவரின் நம்பரைப் பிடித்தாள். ஏகாம்பரம் என்ற அந்த ஐம்பது வயதுக்காரர், மூன்று மணிக்கு மழைக்கோட்டு சொட்டச் சொட்ட வந்து சேர்ந்தார். வானம் அடைத்துக்கொண்டு அப்போதே சாயங்காலம்போல இருட்டியிருந்தது. மெஷினுக்கு முன்னால் மண்டியிட்டு, அடித்தகட்டைக் கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்தவர் தலையைச் சொறிந்தார்.

"இன்னா மேடம், மெஷினு சுத்தமா காஞ்சி கீது. உள்ள பாருங்க, தூசி பட்டுக் கீது. இது ஒய்கினா இப்டி இருக்காது."

"அப்போ தண்ணி?"

"பின்னாலேர்ந்து வருது மேடம். இழுத்துப் பாத்தாதான் தெரியும்."

"இழுங்க" என்றாள்.

மெஷின் கிரீச்சென்று முன்னால் வந்தது. பின்னால் சுவர் இல்லை. வெள்ளை பெயிண்ட் அடித்த பிளைவுட் பலகை, நான்கு ஓரமும் நெருக்க நெருக்க ஸ்க்ரூ அடித்திருந்தது. அடியில் அது ஊறி உப்பி, அந்த உப்பலிலிருந்து தண்ணீர் மூச்சு விடுவதுபோல விட்டுவிட்டுக் கசிந்துகொண்டிருந்தது. ஏகாம்பரம் ஸ்க்ரூக்களைக் கழற்றினார். பாதிக்கு மேல் துருப்பிடித்து உடைந்தன. பலகையை எடுத்து ஓரமாகச் சாய்த்தார்.

ஒரு கதவு. மரக்கதவு, பச்சை பெயிண்ட். நடுவில் கட்டைவிரல் தடிமனுக்கு இரும்புத் தாழ்ப்பாள், இந்தப் பக்கமாகப் போட்டிருந்தது.

தபீதாளுக்கு அந்தக் கதவைத் தெரியும்.

முன்பெல்லாம் அண்ணன் வீட்டுக்கு வந்தால் அவள் கைகழுவப் போவது அந்தக் கதவு வழியாகத்தான். பின்னால் ஆறடிக்கு நாலடியில், மேலே கான்கிரீட் தளமும் எதிரில் இரும்புக் கிரில்லுமாகப் பாத்திரம் தேய்க்கும் இடம் ஒன்று இருந்தது. அங்கே தாழ்வான பலகையில் குந்தி உட்கார்ந்து தையல்நாயகி தேய்த்துக்கொண்டிருப்பாள். பத்து வருடம் இந்த வீட்டில் வேலை செய்தவள். தபீதாளைப் பார்த்தால் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, "டீச்சரம்மா, எம்மா நாளாச்சு வந்து" என்று எழுந்திருப்பாள். பத்து வருடத்துக்கு முன் வந்த பெரிய வெள்ளத்துக்குப் பிறகு அந்த இடத்தை இடித்துவிட்டதாக அண்ணன் சொல்லியிருந்தார். வெளியிலிருந்து பார்த்தால் வெள்ளையடித்த சுவர்தான் தெரியும்.

ஏகாம்பரம் கதவின் மேல் காதை வைத்தார். சற்று நேரம் அப்படியே இருந்தார். பிறகு நிமிர்ந்து சாதாரணமாகக் கேட்டார்:

"உள்ள ஒரு அம்மா பாத்திரம் தேச்சிக்கினு கீறாங்களே. வேலைக்கு ஆளு வெச்சிகிறீங்களா மேடம்?"

"இல்ல."

"அப்ப உள்ள யாரு?"

"அது... மூடின இடம். வெளியில வழி இல்ல. சுவர்."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். தாழ்ப்பாளைப் பார்த்தார். சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பையில் போட்டார். ஒரு ஸ்பேனர் தண்ணீருக்குள் விழுந்தது. அதை எடுக்கக் குனியவில்லை. "மேடம், இது மெஷின் கம்ப்ளெய்ன்ட் இல்ல. நான் வர்றேன். நீங்களும் கெளம்பி யார்னா தெரிஞ்சவங்க வூட்டுக்குப் போங்க." மழைக்கோட்டைக் கையில் பிடித்தபடியே மழைக்குள் இறங்கிப் போய்விட்டார்.

அவர் வண்டிச் சத்தம் தேய்வதற்குள் கரண்ட் போனது.

ஹாலிலிருந்து எமர்ஜென்சி விளக்கை எடுத்துவந்து சமையல் மேடையில் வைத்தாள். அந்த வெள்ளை வெளிச்சத்தில் பச்சைக் கதவு நனைந்து மினுங்கியது. தேய்க்கும் சத்தம் நின்றுவிட்டிருந்தது. மழையும், அவளுடைய மூச்சும் மட்டும்.

அப்போது தட்டினார்கள்.

கதவின் அடிப்பக்கத்தில். அவள் முழங்கால் உயரத்தில். குந்தி உட்கார்ந்திருக்கும் ஒருத்தி கையை நீட்டித் தட்டினால் எங்கே விழுமோ அங்கே. மூன்று தட்டு. மரியாதையான தட்டு.

வீடியோவில் அண்ணனைக் கூப்பிட்டாள். அங்கே விடியற்காலை ஐந்தரை. முதல் மணியிலேயே எடுத்தார். தூங்கியிருந்தவர் முகமாக இல்லை.

"அண்ணா, மெஷினை நகர்த்திட்டேன்."

அவள் போனைத் திருப்பிக் கதவைக் காட்டினாள்.

"இடிச்சுட்டேன்னு சொன்னீங்களே."

"தபி, முதல்ல மெஷினை உள்ள தள்ளு. பேசிக்கலாம்."

"உள்ள யாருண்ணா?"

"யாருமில்லம்மா."

மறுபடி தட்டல். இந்த முறை இடுப்பு உயரத்தில். எழுந்து நின்றுவிட்டதுபோல. திரையில் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். அவருக்கும் கேட்டிருந்தது. அந்தத் தட்டலை அவர் புதிதாகக் கேட்கவில்லை என்பதை, சிறு வயதிலிருந்து பார்த்துப் பழகிய அந்த முகத்தில் அவளால் படிக்க முடிந்தது.

"தையல்நாயகியா?"

அழ ஆரம்பித்தார். "அன்னிக்கு ஏரி உடைஞ்சுதுன்னு தெருவுல கத்தினாங்க தபி. பின்பக்கத்துலேர்ந்துதான் தண்ணி முதல்ல வந்துச்சு. கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுட்டு, நானும் பிளஸ்ஸியும் பையனும் மேல ஓடிட்டோம். அவங்க உள்ள இருந்தது எனக்குத் தெரியாது. கர்த்தர் சாட்சியாத் தெரியாது."

"கிரில் வழியா வெளிய போயிருக்கலாமே?"

"பூட்டியிருந்துச்சு. சாவி வீட்டுக்குள்ள இருந்துச்சு."

"தட்டலையா?"

"மழைச் சத்தத்துல ஒண்ணும் கேக்கல. மூணாம் நாள் தண்ணி வடிஞ்சப்பதான் பாத்தேன். பயந்துட்டேன் தபி. பையன் பத்தாவது படிச்சிட்டிருந்தான். விடியறதுக்கு முன்னாடி தூக்கிட்டுப் போய்க் கால்வாய் ஓரமா வெச்சேன். ஊரே செத்துக்கிட்டிருந்துச்சு. யாரும் ஒண்ணும் கேக்கல."

ஒருத்தி கேட்டாள். தையல்நாயகியின் மகள் லோகநாயகி. அப்போது பள்ளிக்கூடத்தில் நிவாரண முகாம் நடந்தது; தபீதாள்தான் அங்கே பெயர் எழுதிக்கொண்டிருந்தாள். ஈரப் பாவாடையோடு வந்து நின்ற அந்தப் பெண், "எங்கம்மா சார் வூட்டுக்குத்தான் வந்துச்சு டீச்சர், இன்னும் வர்ல" என்றபோது, அண்ணனிடம் போனில் கேட்டுவிட்டு அவள்தான் சொன்னாள்: "மத்தியானமே கிளம்பிட்டாங்களாம்மா. எங்கண்ணன் பாத்திருக்காரு. எங்கண்ணன் பொய் சொல்ல மாட்டாரு." அடக்கம் முடிந்த மறுநாள் அதே பெண் திரும்பவும் வந்து, யாரிடம் சொல்வது என்று தெரியாமல் அவளிடம் சொன்னாள்: "அம்மா கையில ஒரு நகம் கூட இல்ல டீச்சர். பத்து வெரல்லயும்." தண்ணீர் இழுத்துக்கொண்டு போகும்போது கல்லில் அடிபட்டிருக்கும் என்று தபீதாள் அவள் தலையைத் தடவிச் சமாதானம் செய்தாள்.

இப்போது அந்தக் கையைத்தான் அவள் பார்த்தாள். தடவிய தன் கையை.

"என்னை ஏன் இங்க கொண்டுவந்து வெச்சீங்க?" அவள் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது.

அண்ணன் போனைத் திருப்பினார். வீட்டின் கீழ்த்தளம்போல இருந்தது. விரிப்பின் மேலே அகலமாக ஒரு பழுப்புக் கறை, சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கோடு.

"இங்கயும் வந்துச்சு தபி. இந்தக் குளிர்லயும் வெதுவெதுன்னு. அந்த வீட்டுல ஆள் குடியிருந்தா மட்டும் இங்க வர்றது நிக்கும். காலி பண்ணினா திரும்ப வந்துடும். ரெண்டு குடித்தனமும் நிக்கல. வேற யாரை நான் கேப்பேன்? நீ ஜூன்ல போன நாள்லேர்ந்து பாரு..." விரிப்பின் மேல் கையை வைத்துக் காட்டினார். அவர் குரலில் சந்தோஷம் இருந்தது. "காஞ்சிருக்கு. சுத்தமா காஞ்சிருக்கு. உன்னை ஒண்ணும் பண்ணாதும்மா. நீ நல்லவ. தினம் ஜெபம் பண்றவ."

தட்டல். தோள் உயரத்தில். உள்ளங்கையால்.

அவள் காத்திருந்தாள். அவர் சொல்வார் என்று காத்திருந்தாள். ஒரு வாக்கியம்தான். ஹாலைத் தாண்டினால் வாசல். பதினைந்து அடி. போ என்று சொல்வார்.

"தபி, கேக்குதா? மெஷினை உள்ள தள்ளு. பலகையை வெச்சுட்டுத் தள்ளு. சரியாயிடும்."

"வீட்டை விட்டு வெளிய போன்னு உனக்குச் சொல்லத் தோணலையா?" என்றாள். அவரை ஒருமையில் அழைத்தது அதுதான் முதல் முறை. "இவ்வளவு நேரத்துல ஒரு தடவையாவது?"

அவர் மறுபடி விரிப்பைத் தொட்டுப் பார்த்தார்.

"நான் கதவைத் திறக்கப்போறேன்."

"வேணாம்! திறந்தா இங்க வந்துடும் தபி! எங்களை நெனச்சுப் பாரு..."

போனை அணைத்து மேடையில் வைத்தாள்.

வாசலுக்குப் போகலாம். செருப்பு அங்கேதான் கிடக்கிறது. அவள் கால்கூட அந்தப் பக்கம் திரும்பியது. அப்போதுதான் கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. கத்தவில்லை. தொந்தரவு செய்கிறோமே என்ற தயக்கத்தோடு, வாயைக் கதவிடுக்கில் வைத்துச் சொல்லும் குரல்.

"சார்... கதவத் தொற சார். தண்ணி ஏறிக்கினே கீது சார்."

பத்து வருடம் கழித்தும் அடையாளம் தெரிந்தது.

தட்டல் இப்போது கதவின் உச்சியில் இருந்தது. நிலைக்கு ஒரு சாண் கீழே. முகத்தை மேலே தூக்கி, தளத்துக்கும் தண்ணீருக்கும் நடுவில் மூச்சுக்கு இடம் தேடுபவர்கள் தட்டும் உயரம்.

இன்னொரு ஆளாக அவள் இருக்கமாட்டாள். கேட்டுக்கொண்டே திறக்காமல் போன இன்னொரு ஆளாக. தாழ்ப்பாளைப் பிடித்தாள். துரு கையை அறுத்தது. இரண்டு கையாலும் இழுத்தாள். வந்தது.

தண்ணீர் பாய்ந்து வரும் என்று கண்ணை மூடிக்கொண்டாள். எதுவும் வரவில்லை. கதவு தன்பாட்டில் உள்பக்கமாகத் திறந்துகொண்டது.

விளக்கை எடுத்து நீட்டினாள். சின்ன இடம். எதிரில் கிரில், அதற்குப் பின்னால் செங்கல். தரையில் கணுக்கால் அளவு கலங்கிய தண்ணீர், அசையாமல். ஓரமாகக் கழுவிக் கவிழ்த்த பாத்திரங்கள், நூற்றுக்கணக்கில், சுவரோடு சுவராகத் தளம்வரை. ஆள் இல்லை. கதவின் உள்பக்கம் மட்டும், மேலிருந்து கீழ்வரை, பச்சை பெயிண்ட் இல்லை. மரம் வெள்ளையாகத் தெரிந்தது. கோடு கோடாக. ஐந்து ஐந்தாக.

"அக்கா..." என்று கூப்பிட்டாள். அந்தக் கோடுகளைத் தொட ஓர் அடி உள்ளே வைத்தாள்.

கதவு சாத்திக்கொண்டது.

தாழ்ப்பாள் விழுந்தது.

விளக்கு கையிலிருந்து நழுவித் தண்ணீரில் அணைந்தது. கதவைப் பிடித்து இழுத்தாள். அசையவில்லை. சமையலறைக்குள் யாரோ ஓடும் சத்தம். ஈரத் தரையில் செருப்பு. கதவுக்கு அடியில் மெல்லிய வெளிச்சக் கோடு. அதைக் குறுக்காக மறைத்து இரண்டு கால்கள் வந்து நின்றன.

"பிளஸ்ஸி! துண்டு, போர்வை, கையில கெடைக்கறதை எல்லாம் எடுத்துட்டு வா!"

அண்ணனின் குரல். போனில் அழுத குரல் இல்லை. வயதாகாத குரல். பத்து வருடத்துக்கு முந்தைய, எதற்கும் கலங்காத குரல்.

"அண்ணா!" இரண்டு கையாலும் அறைந்தாள். "அண்ணா, நான் தபி! கதவைத் திறங்க!"

கால்கள் அசையாமல் நின்றன.

"ஏங்க, உள்ளேர்ந்து யாரோ கூப்பிடறாங்க." அண்ணியின் குரல், தூரத்திலிருந்து. "யாருங்க அது?"

அவர் கேட்டுக்கொண்டிருந்தார். கதவின் அந்தப் பக்கம், ஒரு விரல் தூரத்தில் அவருடைய மூச்சு அவளுக்குக் கேட்டது.

"யாருமில்ல" என்றார். "நீ பையனைக் கூட்டிட்டு மேல போ."

பிறகு குனிந்தார். வெளிச்சக் கோட்டின் இடது ஓரம் மறைந்தது. விரல்கள் துணியை அழுத்தி அழுத்தித் திணித்தன. நிதானமாக. ஓர் இடைவெளி விடாமல். பாதி. கால்வாசி. ஒரு புள்ளி.

இருட்டு.

தண்ணீர் முழங்காலுக்கு ஏறியிருந்தது. வெதுவெதுப்பாக.

அவளுக்கு வலப்பக்கத்தில், மிக அருகில், தண்ணீர் சலசலத்தது. யாரோ சற்றே தள்ளி உட்கார்ந்து, அவளுக்கு இடம் விட்டார்கள்.